ரிப்பவரிங் காற்றாலையும் தொலைக் கட்டுப்பாடும்: வெளிநாட்டு அரசு ஏவும் சைபர் தாக்குதலுக்கு நம் சட்டத்தில் என்ன இருக்கிறது?

ஆரல்காற்று:

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பழைய 225, 250 கிலோவாட் காற்றாலைகளை எடுத்துவிட்டு அதே இடத்தில் 2 மெகாவாட்டுக்கு மேலுள்ள டர்பைன் நிறுத்தும் பேச்சு, 2024இல் தமிழ்நாடு அரசின் ரிப்பவரிங் கொள்கை வந்ததிலிருந்து சூடாக ஓடுகிறது. பழைய இயந்திரத்தில் கன்ட்ரோலர் கோபுரத்தடியில் இருக்கும். மோடம் மாட்டியிருந்தாலும் யூனிட் கணக்கு அனுப்புவதோடு சரி. புதியதில் அப்படி இல்லை. கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தபடியே நிறுத்தலாம், ஓட்டலாம், இறக்கையின் கோணத்தைத் திருப்பலாம், மென்பொருளையே மாற்றி ஏற்றலாம்.

ஏழு உரிமையாளர்கள் சேர்ந்து மொத்தம் 24 மெகாவாட். பராமரிப்பு ஒரே கம்பெனியிடம். ஒப்பந்த வரைவு இன்னும் கையெழுத்தாகவில்லை. இந்த அளவுள்ள காற்றாலை, சட்டம் சொல்லும் "முக்கியத் தகவல் கட்டமைப்பு"க்குள் (முடங்கினால் நாடே பாதிக்கும் கணினி அமைப்புகள்) வருமா? வேறொரு நாட்டு அரசின் ஆட்கள் உள்ளே புகுந்தால் யாரிடம், எவ்வளவு நேரத்துக்குள் சொல்ல வேண்டும்? சொல்லாமல் விட்டால் யார் தலையில் விழும், உரிமையாளரா, பராமரிப்புக் கம்பெனியா? வரைவில் இப்போதே எழுதிக்கொள்ள வேண்டியது எது? விவரம் தெரிந்தவர்கள் பிரிவு எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

குளச்சல் வழக்குமன்றம்:

இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும், 2008ஆம் ஆண்டின் திருத்தத்தில் அதற்குள் வந்த பிரிவுகளும்தான் அடித்தளம். அதில் உங்களுக்கு வேண்டிய எண்கள் 70, 70ஏ, 70பி, 66எஃப், 75.

70ஆம் பிரிவு தானாக யாரையும் காப்பதில்லை. அரசு அரசிதழில் பெயர் சொல்லி அறிவித்தால்தான் ஒரு கணினி அமைப்பு "பாதுகாக்கப்பட்ட அமைப்பு" ஆகும். ஆதாரின் மையத் தரவுக் கிடங்கு, யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ., ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி, எச்.டி.எஃப்.சி. வங்கி ஆகியவற்றின் அமைப்புகள் அப்படி அறிவிக்கப்பட்டவை. அறிவித்த பிறகு அனுமதி இல்லாமல் நுழைந்தாலும், நுழைய முயன்றாலே கூட, 10 ஆண்டு வரை சிறை. கூடவே உரிமையாளருக்கும் சுமை ஏறும். 2018ஆம் ஆண்டு விதிகளின்படி தலைமைத் தகவல் பாதுகாப்பு அதிகாரி, வழிகாட்டுக் குழு, இணையப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் எல்லாம் வைத்தாக வேண்டும். இவற்றை மேற்பார்ப்பது 70ஏ பிரிவின்கீழ் 2014 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட என்.சி.ஐ.ஐ.பி.சி. என்ற தேசிய முக்கியத் தகவல் கட்டமைப்புப் பாதுகாப்பு மையம். உங்கள் 24 மெகாவாட்டுக்குத் தனியாக அறிவிப்பு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

உங்களைத் தொடுவது 70பி. செர்ட்-இன் (கணினி அவசரநிலைகளைக் கையாளும் மத்திய அரசு அமைப்பு) இந்தப் பிரிவின்கீழ் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, அளவைப் பார்ப்பதில்லை. கம்பெனி, கூட்டு நிறுவனம், தனி உரிமையாளர் தொழில் என எதுவானாலும் பொருந்தும். தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் புகார் போக வேண்டும். புகாரளிக்க வேண்டிய நிகழ்வுகளின் பட்டியலில் ஸ்காடா (இயந்திரங்களைத் தொலைவிலிருந்து கண்காணித்து இயக்கும் அமைப்பு) மீதான தாக்குதல் பெயர் சொல்லியே இருக்கிறது. ஊடுருவாமல் வெளியிலிருந்து குறிவைத்துத் துழாவிப் பார்த்தாலும் அது பட்டியலில் உண்டு. எல்லாக் கணினிப் பதிவுகளையும் 180 நாள் வைத்திருக்க வேண்டும். கடிகாரத்தை என்.ஐ.சி. (தேசியத் தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இணைக்க வேண்டும். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அபராத உச்சம் முன்பு 1 லட்சம். 2023ஆம் ஆண்டு ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை 1 கோடி ரூபாய் ஆக்கியது.

"யார் தலையில்" என்ற கேள்விக்கு நேர்ப் பதில்: புகாரளிக்கும் கடமையை வேறொருவருக்கு மாற்றிவிட முடியாது என்று செர்ட்-இன் தன் விளக்கக் குறிப்பிலேயே சொல்லியிருக்கிறது. பராமரிப்புக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் உரிமையாளரின் கடமை அப்படியே நிற்கும். நிகழ்வைக் கவனித்த இருவருமே சொல்ல வேண்டும்.

தாக்கியவனுக்கு என்ன? 66எஃப் பிரிவு இணையப் பயங்கரவாதத்துக்கு ஆயுள் சிறை வரை சொல்கிறது. கணினி இந்தியாவில் இருந்தால் குற்றவாளி எந்த நாட்டில் உட்கார்ந்திருந்தாலும் 75ஆம் பிரிவின்படி சட்டம் பொருந்தும். ஏட்டில் இருப்பது இவ்வளவு. நடைமுறையில், 2001ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இந்தியா இல்லை. சாட்சியம் கேட்பதென்றால் நாட்டுக்கு நாடு கடிதம் போய் வர வேண்டும். அந்த வெளிநாட்டு அரசின் மேலேயே இழப்பீட்டு வழக்குப் போட நினைத்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 86ஆம் பிரிவு மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வழிவிடாது. ஆக இந்தச் சட்டத்தின் பிடி தாக்கியவன் கழுத்தை எட்டுவது அரிது. உள்ளூரில் அசட்டையாக இருந்தவர் கையைத்தான் பிடிக்கும். ஒப்பந்தத்தை அந்த எண்ணத்தோடு எழுதுங்கள்.

ரிலே அறை:

வக்கீல் சொன்னதோடு மின்துறைக்கு மட்டும் உரிய அடுக்கு ஒன்று இருக்கிறது, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மத்திய மின்சார ஆணையம் 2021 அக்டோபரில் வெளியிட்ட சைபர் பாதுகாப்பு வழிகாட்டுதல் மின் உற்பத்தியாளரோடு நிற்பதில்லை. கருவி தயாரிப்பவர், விற்பவர், பராமரிப்பவர் எல்லாரையும் சேர்த்துத்தான் பேசுகிறது. 2020 ஜூலை 2 அன்று மின்துறை அமைச்சகம் போட்ட உத்தரவின்படி இறக்குமதிக் கருவிகளில் தீங்கு நிரல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். 2025 ஜூலையில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகம் காற்றாலை மாதிரிகளின் அங்கீகாரப் பட்டியலுக்கான நடைமுறையைத் திருத்தி, டர்பைன் தரவு இந்தியாவிலுள்ள சர்வரிலேயே இருக்க வேண்டும், இயக்கக் கட்டுப்பாடு இந்தியாவுக்குள்ளிருந்தே நடக்க வேண்டும் என்றது. நீங்கள் வாங்கும் மாடலுக்கு இந்த நிபந்தனை எந்தத் தேதியிலிருந்து என்று விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

காற்றாலையைப் பொறுத்தவரை எல்லாரும் பார்க்க வேண்டிய பாடம் 2022 பிப்ரவரி 24. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த அன்றே வயாசாட் கம்பெனியின் கே.ஏ.-சாட் செயற்கைக்கோள் இணைய வலையைத் தாக்கினார்கள். சரியாக அமைக்காத ஒரு வி.பி.என். (இணையத்தின் வழியே போகும் பூட்டிய தனிப்பாதை) கருவி வழியாக நிர்வாகப் பகுதிக்குள் போய், ஆயிரக்கணக்கான மோடங்களின் நினைவகத்தை ஒரே நேரத்தில் அழித்தார்கள். குறி உக்ரைன். ஆனால் மத்திய ஐரோப்பாவில் ஜெர்மனியின் எனர்கான் கம்பெனி பார்த்துக்கொள்ளும் சுமார் 5,800 காற்றாலைகள், மொத்தம் 11,000 மெகாவாட், தொலைக் கண்காணிப்பை இழந்தன. அந்த ஆண்டு மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் ரஷ்யாதான் செய்தது என்று அறிவித்தன.

இதில் கவனிக்க வேண்டியது: டர்பைன்கள் நிற்கவில்லை. தொடர்பு போனாலும் உள்ளூர் கன்ட்ரோலர் தானே ஓட்டிக்கொண்டிருந்தது. உங்கள் ஒப்பந்தத்தில் முதல் வரியாக இதை வையுங்கள்: தொலைத் தொடர்பு முழுதும் அறுந்தாலும் டர்பைன் தானாக ஓடவும், பாதுகாப்பாக நிற்கவும் வேண்டும், அதை ஏற்பு சோதனையன்று கேபிளைப் பிடுங்கியே நிரூபித்துக் காட்ட வேண்டும். சில புதிய மாடல்களில் சர்வரிலிருந்து உயிர்த்துடிப்புச் சைகை வராவிட்டால் சில நிமிடங்களில் டர்பைன் நிற்கும்படி அமைத்திருப்பார்கள். அந்த அமைப்பை யார் மாற்றலாம் என்று கேளுங்கள்.

அடுத்தது வேகப் பாதுகாப்பு. பழைய இயந்திரங்கள் பலவற்றில் மிகை வேகம் வந்தால் இறக்கை நுனி பிரேக் மையவிலக்கு விசையில் தானே திறக்கும், கணினியே தேவையில்லை. புதியதில் பிட்ச் கட்டுப்பாடு, அதாவது இறக்கையின் கோணத்தைத் திருப்பி வேகத்தை அடக்குவது. மிகை வேக ரிலே, அதிர்வுச் சுவிட்ச், அவசர நிறுத்தப் பொத்தான் மூன்றும் கம்பியால் நேரடியாக இணைந்த பாதுகாப்புச் சங்கிலியில் இருக்க வேண்டும், வலை வழியாக அதன் அளவுகளை மாற்ற முடியக் கூடாது. இது போனால் மின்சார இழப்போடு முடியாது, ஆள் சேதம்.

நுழைவாயில்: பொது ஐ.பி. முகவரி உள்ள சிம் போட்ட ரூட்டர் வேண்டவே வேண்டாம். கட்டுப்பாட்டுக் கருவிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறைகளான மாட்பஸ் பயன்படுத்தும் 502ஆம் போர்ட் (இணைப்பு வாசல்), ஐ.இ.சி. 104 பயன்படுத்தும் 2404ஆம் போர்ட் இரண்டும் இணையத்தில் திறந்திருந்தால், தேடுபொறி போலக் கருவிகளைத் துழாவும் தளங்களில் ஒரே நாளில் பதிவாகிவிடும். இந்த நெறிமுறைகளின் சாதாரண வடிவத்தில் கடவுச்சொல்லே கிடையாது, உள்ளே வந்து சேர்ந்தவன் எவனும் கட்டளை கொடுக்கலாம். தனி ஏ.பி.என். (பொது இணையத்தோடு சேராத சிம் வலை), அதற்கு மேல் வி.பி.என்., இரண்டாம் கட்ட உறுதிச் சோதனை, பிறகு ஒரு ஜம்ப் சர்வர் (வெளியாள் யாராயினும் கடந்தே போக வேண்டிய இடைக்கணினி). பராமரிப்பவரின் கணக்கு எப்போதும் மூடியே இருக்க வேண்டும். வேலை வரும்போது தளத்திலுள்ளவர் திறந்து, முடிந்ததும் மூட வேண்டும். அவசரத்துக்கென்று மடிக்கணினியில் போட்டுவைக்கும் தொலைத்திரை மென்பொருள்தான் பெரும்பாலும் ஓட்டை. ஒப்பந்தத்தில் பெயர் சொல்லியே தடை செய்யுங்கள்.

ஆரல்காற்று:

இருவருக்கும் நன்றி. அண்ணாச்சி, 6 மணி நேரம் என்பது எப்போது தொடங்கும்? காற்று சீசனில் ராத்திரி இரண்டு மணிக்கு நாலு டர்பைன் சேர்ந்தாற்போல் நின்றால், அது கிரிட் கோளாறா, தாக்குதலா என்று விடிந்தாலும் தெரியாதே. ஒவ்வொரு டிரிப்புக்கும் புகார் அனுப்ப முடியுமா?

ரிலே அறை:

முடியாது, அனுப்பவும் வேண்டாம். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. கிரிட் கோளாறென்றால் துணைமின் நிலைய ரிலேயில் (கோளாறைக் கண்டு மின்பாதையைத் துண்டிக்கும் கருவி) மின்னழுத்தம் அல்லது அதிர்வெண் பதிவு இருக்கும், அந்த ஃபீடரில் (மின்பாதையில்) உள்ள பக்கத்துக் காற்றாலைகளும் விழுந்திருக்கும். காற்று மிஞ்சி நின்றதென்றால் காற்றுமானி காட்டும். இரண்டும் இல்லாமல் "ஆபரேட்டர் நிறுத்தினார்" என்று நிகழ்வுப் பதிவில் வந்து, எந்த ஆபரேட்டரும் நிறுத்தவில்லை என்றால், அந்த நிமிடம் கடிகாரத்தைப் பாருங்கள். யாரும் கேட்காமல் அளவுருக்கள் மாறியிருப்பது, ராத்திரியில் வந்த மென்பொருள் ஏற்றம், தெரியாத முகவரியிலிருந்து வி.பி.என். நுழைவு இவையும் அப்படித்தான்.

இதற்கு எல்லாக் கடிகாரமும் ஒரே நேரம் காட்ட வேண்டும். இங்கேதான் வழக்கமாகக் கோட்டை விடுகிறார்கள். டர்பைன் கன்ட்ரோலர் உலகப் பொது நேரத்தில் இருக்கும், ரிலே இந்திய நேரத்தில் இருக்கும், ரூட்டர் மின்சாரம் போய் வந்ததும் பழைய தேதிக்குப் போயிருக்கும். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தைக் கழிப்பதற்குள் ஆறு மணி நேரம் தீர்ந்துவிடும். இணையத்தில் சேராத வலையாக இருந்தால் துணைமின் நிலையத்தில் ஒரு ஜி.பி.எஸ். கடிகாரம் வைத்து அதிலிருந்தே எல்லாவற்றுக்கும் நேரம் கொடுங்கள்.

குளச்சல் வழக்குமன்றம்:

சட்டப்படி கணக்கு தொடங்குவது நீங்கள் கவனித்த நேரம், அல்லது உங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்ட நேரம். தாக்குதல் நடந்த நேரம் அல்ல. முழு விவரமும் வேண்டியதில்லை, கையில் இருப்பதை ஆறு மணி நேரத்துக்குள் அனுப்பிவிட்டு மீதியை நியாயமான அவகாசத்தில் கொடுக்கலாம் என்று செர்ட்-இன் விளக்கமே சொல்கிறது. இந்தத் தளர்வு தெரியாமல், ஆய்வு முடியட்டும் என்று காத்திருந்து தவறுபவர்கள்தான் அதிகம். செர்ட்-இன் கட்டணமில்லா எண் 1800-11-4949. 1930 வேறு, அது பண மோசடிக்கானது. மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதும் தனி வேலை, ஒன்று செய்தால் இன்னொன்று தீர்ந்தது ஆகாது. சென்னையிலுள்ள மாநில மின்சுமைப் பகிர்வு மையத்துக்கும் உடனே சொல்லிவிடுங்கள்.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் மணிக்கணக்கை இறக்கி எழுதுங்கள். பராமரிப்பவர் சந்தேகம் வந்த 2 மணி நேரத்துக்குள் உரிமையாளருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும், ஏழு உரிமையாளர்களும் ஒரே ஆளைத் தொடர்பு அதிகாரியாக முன்கூட்டியே நியமித்திருக்க வேண்டும். 180 நாள் பதிவும் உரிமையாளர் கேட்டவுடன் கிடைக்க வேண்டும். இந்த வரி இல்லாவிட்டால் "எங்கள் வணிக ரகசியம்" என்று மறுப்பார்கள்.

சாட்சியம் பற்றி ஒன்று. 2024 ஜூலை 1 முதல் மின்னணுச் சாட்சியத்துக்கான பழைய 65பி சான்றிதழ் போய், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 63ஆம் பிரிவின் சான்றிதழ் வந்துவிட்டது. பகுதி அ, பகுதி ஆ என இரண்டு. முதலாவது கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவர் தருவது, இரண்டாவது நிபுணர் தருவது. கோப்பின் ஹேஷ் மதிப்பு (கோப்பு சற்று மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்) இரண்டிலும் வேண்டும். பதிவை நகலெடுத்த அந்த நிமிடமே எஸ்.எச்.ஏ.-256 முறையில் ஹேஷ் மதிப்பை எடுத்துத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

ரிலே அறை:

அதோடு, சந்தேகம் வந்ததும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி போடும் பழக்கம் வேண்டாம். நினைவகத்தில் இருந்த தடயம் போய்விடும். ரூட்டரின் வெளிப்பக்கக் கேபிளை மட்டும் உருவுங்கள், உள்வலை அப்படியே இருக்கட்டும். திரையைக் கைபேசியில் படமெடுங்கள். கன்ட்ரோலரிலுள்ள நிரலை, பூட்டி வைத்திருக்கும் மூல நிரலோடு (யாரும் கைவைக்காத சரியான பிரதி) ஒப்பிடும்வரை புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். அந்த மூல நிரல் உரிமையாளர் கையில் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் வர வேண்டிய வரி.

2015 டிசம்பர் 23 உக்ரைனில் மூன்று மின்பகிர்மானக் கம்பெனிகளின் பிரேக்கர்களைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, தாக்கியவர்கள் துணைமின் நிலையங்களில் சீரியல் இணைப்பை ஈதர்நெட்டாக மாற்றும் சின்னக் கருவிகளின் ஃபர்ம்வேரையும் (உள்நிரலையும்) அழித்துவிட்டுப் போனார்கள். சுமார் 2.25 லட்சம் இணைப்புகள் இருண்டன. மின்சாரம் சில மணி நேரத்தில் திரும்பியதற்குக் காரணம், ஆட்கள் வண்டி ஏறிப் போய்ப் பிரேக்கரைக் கையால் போட்டதுதான். கையால் போடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அந்த மாற்றிக் கருவிகளுக்கு உதிரி ஒன்றாவது தளத்தில் வையுங்கள்.

தோவாளை வாய்க்கால்:

காற்றாலையை மட்டும் பேசுகிறீர்கள், குடிநீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிகிப்பா என்ற சிற்றூர்க் குடிநீர் அமைப்பின் அழுத்த நிலையத்தில் இருந்த யூனிட்ரானிக்ஸ் பி.எல்.சி.யை (இயந்திரங்களை இயக்கும் சிறு கணினியை) ஈரான் புரட்சிக் காவல்படையோடு தொடர்புடைய குழு பிடித்தது. பெரிய வித்தை எதுவும் இல்லை. 20256ஆம் போர்ட் இணையத்தில் திறந்திருந்தது, கம்பெனி கொடுத்த 1111 என்ற கடவுச்சொல் மாற்றப்படவில்லை. ஆட்கள் கைமுறை இயக்கத்துக்குப் போய்த் தண்ணீரைத் தொடர்ந்து கொடுத்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான், குடிநீர் ஆய்வில் சைபர் பாதுகாப்பையும் மாநிலங்கள் சோதிக்க வேண்டும் என்ற தன் குறிப்பை, வழக்குகளுக்குப் பிறகு, அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை திரும்பப் பெற்றிருந்தது.

நம் சட்டத்தில் 70ஆம் பிரிவு "உரிய அரசு" அறிவிக்கலாம் என்கிறது. தண்ணீர் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 17ஆம் இனம். ஆகவே நாகர்கோவில் போன்ற மாநகராட்சியின் நீரேற்று நிலையக் கட்டுப்பாட்டு அமைப்பைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை, மாநில அரசே செய்யலாம்.

குளச்சல் வழக்குமன்றம்:

சரியான வாசிப்பு. 2(1)(இ) வரையறை அப்படித்தான் சொல்கிறது.

ஆரல்காற்று:

ஒரு ஐயம் இன்னும் தீரவில்லை. 24 மெகாவாட்டை எந்த வெளிநாட்டு அரசு தேடி வரும்? சட்டமே நம்மைச் சின்னது என்று விட்டுவிட்ட பிறகு, அவ்வளவு செலவு செய்ய மற்ற ஆறு பேரையும் எப்படி ஒப்புக்கொள்ள வைப்பது?

ரிலே அறை:

உங்களைத் தேடி வரமாட்டார்கள். உங்கள் பராமரிப்புக் கம்பெனியின் சர்வரைத் தேடி வருவார்கள். அந்த ஒரு சர்வரில் முப்பந்தலில் தொடங்கி எத்தனையோ மாவட்டங்களின் டர்பைன்கள் தொங்குகின்றன. தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். காற்று சீசனில் அதில் ஒரு பகுதியை ஒரே நொடியில் நிறுத்தினால் அதிர்வெண் சரியும். 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரைதான் நம் கிரிட்டுக்கு அனுமதித்த பட்டை. நிறுத்தி, ஓட்டி, மறுபடி நிறுத்தினால் இன்னும் மோசம்.

நம் ஏற்பாட்டில் உள்ள ஓட்டை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆலை ஆலையாக எண்ணினால் எல்லாமே சின்னது, கட்டுப்பாட்டு அறையாக எண்ணினால் பெரிது. ஜெர்மனி 2022 ஜனவரி முதல் மின் உற்பத்திக்கான வரம்பை 420 மெகாவாட்டிலிருந்து 104 மெகாவாட்டாகக் குறைத்தது. பல சிறு ஆலைகளைச் சேர்த்து இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் அதே 104தான். இங்கே அதற்குப் புதுச் சட்டம் கூட வேண்டாம். 70ஆம் பிரிவு, முக்கியக் கட்டமைப்பை "நேரடியாகவோ மறைமுகமாகவோ" பாதிக்கும் எந்தக் கணினி வளத்தையும் அறிவிக்க இடம் தருகிறது. பராமரிப்புக் கம்பெனிகளின் மையக் கட்டுப்பாட்டு அறைகளை அறிவித்தால் போதும். காற்றாலை உரிமையாளர் சங்கங்கள் கேட்க வேண்டிய கோரிக்கை அது.

நம் பக்கத்திலும் வராத சங்கதி இல்லை. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலைக் கணினி ஒன்றில் டிட்ராக் தீங்கு நிரல் இருந்ததை அதை நடத்தும் இந்திய அணுமின் கழகம் (என்.பி.சி.ஐ.எல்.) ஒப்புக்கொண்டது. கட்டுப்பாட்டு வலை தனியாக இருந்ததால் உலைக்கு எதுவும் இல்லை. செர்ட்-இன் சொன்னது செப்டம்பர் 4, ஊருக்குத் தெரிந்தது அக்டோபர் கடைசியில். 2021இல் ரெக்கார்டட் ஃப்யூச்சர் கம்பெனி, சீனத் தொடர்புள்ள குழு குறிவைத்ததாகச் சொன்ன பட்டியலில் மின்சுமைப் பகிர்வு மையங்களோடு தூத்துக்குடித் துறைமுகமும் இருந்தது.

குளச்சல் வழக்குமன்றம்:

மற்ற ஆறு பேரை ஒப்புக்கொள்ள வைக்கக் காப்பீட்டுப் பாலிசியைக் கையில் கொடுங்கள். ரஷ்யா ஏவியதாகச் சொல்லப்படும் 2017ஆம் ஆண்டு நாட்பெட்யா தீங்கு நிரல் தாக்குதலில் மெர்க் மருந்துக் கம்பெனி, போர் விலக்கு விதியைக் காட்டி மறுத்த காப்பீட்டாளர்களை நியூஜெர்சி நீதிமன்றங்களில் வென்றது. அதன் பிறகு சந்தை சும்மா இருக்கவில்லை. லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை, 2023 மார்ச் 31 முதல் தனிச் சைபர் பாலிசிகளில் அரசு ஆதரவுத் தாக்குதலுக்கு வெளிப்படையான விலக்கு இருக்க வேண்டும் என்றது. இங்குள்ள பாலிசிகளின் மறுகாப்பீடும் பெரும்பாலும் அந்தச் சந்தைகளோடு பிணைந்தது. உங்கள் பாலிசியில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: அரசு ஆதரவு என்று யார் முடிவு செய்வது, நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது, இயந்திரச் சேதத்துக்கான பாலிசியில் சைபர் காரணம் விலக்கப்பட்டிருக்கிறதா. மூன்றாவது வரி இருந்தால், மிகை வேகத்தில் உடைந்த டர்பைனுக்கு இரண்டு பாலிசியும் கைவிரிக்கும்.

ஆரல்காற்று:

பழைய பாலிசியை எடுத்துப் பார்த்தேன். இயந்திரச் சேதப் பகுதியில் சைபர் விலக்கு இருக்கிறது. வரைவை நிறுத்திவைத்து, கேபிள் பிடுங்கும் சோதனை, 2 மணி நேர அறிவிப்பு, மூல நிரல் பிரதி, 180 நாள் பதிவு நான்கையும் சேர்த்துத் திருப்பி அனுப்பச் சொல்லியாயிற்று.

ரிலே அறை:

கேபிள் சோதனையைக் காற்று இல்லாத மாதத்தில் வைக்கச் சம்மதிக்காதீர்கள். ஜூன், ஜூலையில், டர்பைன் முழுத் திறனில் ஓடும்போது, குறைந்தது 24 மணி நேரம் தொடர்பை அறுத்து வைக்க வேண்டும். நொடிக்கு மூன்று மீட்டர் காற்றில் நடந்த சோதனை எதையும் காட்டாது.